குறை துவக்கிலா, கையிலா?



வன்னி நாட்டுக் கிராமங்களிலே, வயற்காவலுக்குச் செல்லும் முதியவர்களின் கையிலே முன்னாளில் நீண்ட குழலுடைய துவக்கு ஒன்று இருக்கும். வெடிமருந்தையும் ஈயத்தையும் குழலின் வாய்வழியாகவே இட்டுக் கோலினால் இடித்து நிரப்ப வேண்டிய அத்துவக்கை "இடியன்" என்று சொல்வார்கள். அது வெடித்த கதைகளைக் காட்டிலும் வெடிக்க மறுத்த கதைகளையே நான் சிறுவயதில் அதிகம் கேட்டிருக்கிறேன். "மருந்து நனைந்துவிட்டது" என்பார் ஒருவர். "துவக்குக்குக் கண்ணூறு பட்டுவிட்டது" என்பார் மற்றொருவர். "குறை என் கையிலே" என்று சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இப்பழங்கதை என் நினைவுக்கு வந்தது, கடல் கடந்த ஒரு தேசத்திலே. சென்ற நத்தார் விடுமுறையை ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, என் தமக்கையின் மகன் வீட்டிலே கழித்தேன். அடுத்த வீட்டிலே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய பேரன் பதினான்கு வயதுச் சிறுவன். அவ்வாண்டுதான் முதன்முறையாக, பாட்டனாருடைய பழைய பாணித் துவக்கினால் மான் வேட்டைக்குச் செல்ல அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது.

"மாமா, எங்கள் ஊர் இடியனை இங்கே பார்க்க விரும்புகிறீர்களா?" என்று மருமகன் கேட்டான். நானோ மரக்கறி உண்பவன். வேட்டை என்றாலே உள்ளம் கூசுபவன். ஆயினும் இயந்திரங்களைப் பற்றிய ஆவல் என்னை விடவில்லை, புறப்பட்டேன்.

இந்நாளிலும் இத்துவக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாநிலத்தில், நத்தாருக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி மாதத்துள் முடிகின்ற ஒரு வேட்டைப் பருவம் உண்டு. அப்பருவத்தில் சக்கிமுக்கிக் கல்லினால் தீப்பொறி எழுப்பி வெடிக்கும் பழைய துவக்கையே பயன்படுத்தலாம் என்பது விதி. 1974ஆம் ஆண்டிலே இவ்விதி நடைமுறைக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே அங்கு குடியேறிய ஜெர்மானியக் கம்மியர், லங்காஸ்டர் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் செய்த நீண்ட றைபிள்கள் புகழ்பெற்றவை. குழலின் உட்புறத்திலே முறுக்காக வெட்டப்பட்ட பள்ளங்கள் ஈயக்குண்டைப் பம்பரம்போற் சுழற்றி அனுப்புவதால், அது திசை தவறாது செல்லும். அம்மரபு மறையாதிருக்கவே இப்பருவம்.

மான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரையறையற்ற வேட்டையினால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளைவால் மான் அருகிப்போயிற்று. 1895இல் வேட்டை விலங்குகளுக்கென ஓர் ஆணைக்குழு அமைத்து, சட்டங்கள் இயற்றி, பிற இடங்களிலிருந்து மான்களைக் கொணர்ந்து விட்டார்கள். இனம் பெருகிற்று. ஆனால் அவற்றை இரையாகக் கொண்ட ஓநாய் அதற்குள் அழிந்துபோயிற்று. இன்று மான்கள் வயல்களையும், காட்டிலே முளைக்கும் இளமரங்களையும் மேய்ந்து அழிக்கின்றன. ஆதலால் அளவோடு வேட்டையாட அனுமதிச்சீட்டு வழங்குகிறார்கள்.

இனித் துவக்கினுடைய வேலையைப் பார்ப்போம்; மாணவர்கள் கவனிக்க. கருமருந்து என்பது ஏறத்தாழ வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. அளந்த மருந்தைக் குழலில் இட்டு, எண்ணெய் தோய்ந்த சிறு துணித்துண்டிலே ஈயக்குண்டைப் பொதிந்து, மருந்தின்மேல் நன்றாகப் படியும்வரை கோலினால் தள்ளுவர். குழலின் அடியிலே, பக்கவாட்டில் ஒரு நுண்துளை உண்டு. அத்துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். அதிலே நுண்ணிய மருந்து சிறிது. விசையை இழுத்ததும் கல்லைக் கவ்விய குதிரை பாய்ந்து உருக்குத் தகட்டை உரசும், பொறி கிண்ணத்தில் விழும், அங்கே எழுந்த தீ துளைவழியே உள்ளே புகும், பின்னரே வெடி.

விசையை இழுப்பதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு என்பதை நினைவில் வைத்திருங்கள். அத்தாமதத்திலே கிண்ணத்தின் தீ கண்ணுக்கு முன்னே பளிச்சென்று எழும். ஸ்கொத்லாந்திலே பெல்ஹெல்வி என்னும் ஊரில் வாழ்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்ற பாதிரியார் பறவை வேட்டையில் ஆர்வமுடையவர். இத்தீயைக் கண்டு பறவைகள் தப்பிப் போவதைப் பொறுக்காமலே, அடித்தவுடன் தீப்பற்றும் இரசாயனப் பொருளைக்கொண்டு வெடிக்கும் முறையை ஆராய்ந்து, 1807இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பறவையை வெருட்டிய அத்தீ எங்கள் கதையிலே வேறொருவரையும் வெருட்டப் போகிறது.

நாங்கள் சென்ற இடம் ஊருக்குப் புறம்பே, மண்மேடு ஒன்றின் முன்னே அமைந்த பயிற்சித் திடல். பனி உறைந்திருந்தது. 50 யார் தூரத்திலே ஒரு வட்டம் வரைந்த கடதாசி. சிறுவன் மேசையின்முன் அமர்ந்து, மணற்பைமேல் குழலைச் சாத்தி, ஐந்து முறை சுட்டான். தொலைநோக்கியாற் பார்த்தோம். ஐந்து துளைகளும் ஒரு சோற்றுக்கோப்பை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுப்புள்ளியோ வட்டத்தின் மையத்துக்கு ஆறு அங்குலம் கீழே.

"பாட்டா, துவக்கு கீழே அடிக்கிறது. முன்குறியை அரத்தினால் தேய்த்துவிடுவோமா?" என்றான் சிறுவன்.

அவன் சொன்னதிலே கணிதம் உண்டு. இவ்வகைத் துவக்கிலே குழலின் நுனியிலுள்ள முன்குறியைத் தேய்த்துத் தாழ்த்தினால், குறியை மீண்டும் இலக்கோடு பொருத்துவதற்குக் குழல் நுனியை உயர்த்த வேண்டும். ஆகவே குண்டு மேலே செல்லும். எவ்வளவு தேய்ப்பது? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் 30 அங்குலம். இலக்கின் தூரமாகிய 50 யார் 1800 அங்குலம். இரண்டும் இயல்பொத்த முக்கோணிகள்; விகிதம் அறுபதில் ஒன்று. ஆறு அங்குலப் பிழைக்குப் பத்தில் ஓர் அங்குலம் தேய்க்க வேண்டும். சிறுவன் இதனை மனத்திலேயே கணித்துச் சொன்னான்.

பாட்டனார் புன்னகை செய்தார். "கணக்குச் சரி. ஆனால் கேள்வி பிழை. சிதறிக் கிடக்கும் துளைகள் துவக்கின் குறியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா. முதலிலே அவை ஓரிடத்திற் கூடட்டும். பின்னர் அந்த இடம் எங்கே என்று பார்ப்போம். தேய்த்த இரும்பு மீண்டும் வளராது."

இனி அவர் செய்த பரிசோதனையைக் கேளுங்கள். அதிலே ஒரே விதிதான்: ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியபின் மூன்று வெடி சுட்டுப் பார்; பலனைக் குறித்து வை.

முதலாவது, குழலின் அழுக்கு. கருமருந்து எரியும்போது அதன் எடையிற் பாதிக்கு மேலானது புகையாகவும் சாம்பலாகவும் திண்மமாகவே எஞ்சுகிறது. அச்சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பசைபோலாகும். துடையாது சுட்டால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமான குழலிலே செல்கிறது. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று என்று ஒரே முறையாகத் துடைக்கச் செய்தார். சிதறல் குறைந்தது.

இரண்டாவது, மருந்தின் அளவு. சிறுவன் அளவுகுழாயைச் சிலவேளை தட்டி நிரப்பினான். சிலவேளை தட்டாமல் நிரப்பினான். "எப்படியேனும் செய், ஆனால் எப்பொழுதும் அப்படியே செய்" என்றார். மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலிற் கொட்டக்கூடாது என்பதையும் நினைவூட்டினார். உள்ளே கனல் எஞ்சியிருந்தால் கையிலுள்ள கொம்பு முழுவதும் வெடித்துவிடும்.

மூன்றாவது, குண்டு படியும் ஆழம். கோலிலே ஒரு கோடு கீறியிருந்தது. அக்கோடு குழல்வாயோடு பொருந்தினாற்றான் குண்டு மருந்தின்மேல் படிந்தது என்பது நிச்சயம். இடையிலே வெளி இருந்தால் குறி தவறுவதோடு குழலே வீங்கவும் பிளக்கவும் கூடும். கோடு உயர்ந்து நின்றால், மறதியாக இருமுறை நிரப்பினோமோ என்றும் அறியலாம்.

நான்காவது, வெளியே விழுந்த துணித்துண்டு. பனியிலிருந்து அவற்றைப் பொறுக்கி வந்து விரித்துப் பார்த்தார். ஓரம் மட்டும் கருகி, நடுப்பகுதி முழுமையாக இருந்தது. "துணி கிழிந்திருந்தால் குண்டு பள்ளங்களைச் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். இது நல்ல சாட்சி" என்றார்.

இதற்கிடையே ஒரு சம்பவம். சிறுவன் விசையை இழுத்தான், கிண்ணத்திலே தீ பளிச்சிட்டது, வெடி எழவில்லை. அவன் வியப்போடு துவக்கைத் திருப்பப் போனான்.

"அசையாதே! குழல் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்கட்டும்" என்ற பாட்டனாரின் குரல் இடிபோல எழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினார். பின்னர் இன்னொரு நிமிடமும் எண்ணினார். உள்ளே ஒரு பொறி புகைந்துகொண்டிருந்து, பிந்தி வெடிப்பதும் உண்டு. அவ்விரண்டு நிமிடங்களில் எவரும் பேசவில்லை. அதன்பின் நுண்துளையை ஒரு மெல்லிய கம்பியாற் குத்தி, அடைத்திருந்த கரியை நீக்கி, கிண்ணத்தில் புதிதாக மருந்து இட்டார். கிண்ணத்தை நிறைத்துத் துளையை மூடிவிடக்கூடாதாம்; மூடினால் அது திரிபோல மெல்ல எரிந்து தாமதத்தை வளர்க்குமாம். இம்முறை வெடித்தது.

இவ்வளவும் முடிந்தபோது சிதறல் பாதியாகக் குறைந்தது. ஆனால் துளைகள் இன்னும் கீழேயே விழுந்தன. சிறுவனின் கண் மீண்டும் அரத்தை நாடிற்று.

"இப்பொழுது ஒருமுறை நான் நிரப்பித் தருகிறேன்" என்று பாட்டனார் துவக்கை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஏதோ செய்து திருப்பிக் கொடுத்தார். சிறுவன் குறிபார்த்தான், விசையை இழுத்தான். 'டக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. கிண்ணத்திலும் மருந்தில்லை, குழலிலும் மருந்தில்லை. வெடியே இல்லாதிருக்க, குழலின் நுனி மட்டும் வெடுக்கெனக் கீழே தாழ்ந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். சிறுவனும் கண்டான். அவன் கண்கள் இறுக மூடித் திறந்ததையும் நான் கண்டேன்.

பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவனின் முகம் சிவந்தது. சிறிது நேரத்தின்பின் அவனே மெதுவாகச் சொன்னான்: "துவக்கு அல்ல, பாட்டா. நான்தான்."

கண்முன்னே எழப்போகும் தீயை நினைந்து, அது எழுமுன்பே அவன் உடல் அஞ்சிற்று. கல் உரசும் அத்தாமதத்திலே கை தாழ்ந்தது. அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட்டு வீடு திரும்பினோம்.

வேட்டைப் பருவத்துக்கு ஐந்து நாட்களே இருந்தன. ஒவ்வொரு மாலையும் அச்சிறுவன் வீட்டுக் கொட்டகையிலே, வெறுந்துவக்கிலே கல்லுக்குப் பதிலாக ஒரு மரத்துண்டைப் பொருத்தி, குழலின் நுனியிலே ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை இழுத்துப் பழகினான். குதிரை விழுந்த பின்னும் குறியிலிருந்து கண்ணை எடுக்காதிருப்பதே பயிற்சி. முதல் நாள் நாணயம் இருபது முறையும் விழுந்ததாம். நான்காம் நாள் ஒருமுறையும் விழவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் மீண்டும் திடலுக்குச் சென்றோம். மூன்று வெடி. மூன்று துளைகளும் ஒரு தேநீர்க்கோப்பையின் வாய்க்குள் அடங்கின. மையத்துக்கு வலப்புறம் இரண்டு அங்குலம். கீழே ஒன்றரை அங்குலம்.

"இப்பொழுது துவக்கு பேசுகிறது, கேட்போம்" என்றார் பாட்டனார். குண்டு எத்திசையிற் செல்ல வேண்டுமோ அத்திசையிற் பின்குறியை நகர்த்த வேண்டும். இடப்புறமாக முப்பதில் ஓர் அங்குலம், ஏறத்தாழ எட்டுக் கடதாசித் தாள்களின் தடிப்பு, தட்டி நகர்த்தினார். முன்குறியை நாற்பதில் ஓர் அங்குலம் தேய்க்க வேண்டும். அதிலும் பாதியைத் தேய்த்துச் சுட்டுப் பார்த்த பின்னரே மீதியைத் தேய்த்தார். அடுத்த மூன்று குண்டுகளும் மையத்தைச் சூழ்ந்தன.

மாணவர்களே, முதல்நாள் அவன் சொற்படி பத்தில் ஓர் அங்குலம் தேய்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கணித்துப் பாருங்கள். அவனுடைய அச்சம் நீங்கிய நாளிலே குண்டு நாலரை அங்குலம் மேலே சென்றிருக்கும். துவக்கைக் கெடுத்து, தன் குறையைத் துவக்கிலே செதுக்கி வைத்தவனாயிருப்பான். அதைவிடக் கொடியது, ஒரு மான் காயத்தோடு ஓடிப் பனியிலே கிடந்து வருந்திச் செத்திருக்கும்.

அன்று தேநீர் அருந்தும்போது நான் என் மனத்திலுள்ளதை மறைக்கவில்லை. "ஐயா, உயிரைக் கொல்வதற்கு இத்தனை நுணுக்கம் வேண்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "கொல்வதற்கு இவ்வளவு வேண்டியதில்லை, வருத்தாமல் கொல்வதற்கு வேண்டும். இந்தத் துவக்கிலே இரண்டாவது வெடி உடனே இல்லை. முதல் வெடிக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாவிட்டால் விசையைத் தொட எனக்கு உரிமை இல்லை" என்றார். அவருடைய முடிவை நான் ஏற்றேன் அல்லேன். ஆனால் அந்த நேர்மையை மதித்தேன்.

பருவத்தின் முதல்நாள் பொழுது சாயும் வேளையிலே இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்தனர். துவக்கை வீட்டினுள்ளே கொண்டுவராமல், மருந்தை நீக்கிக் குளிர்ந்த கொட்டகையிலேயே வைத்தனர். சூடான அறைக்குள் வந்தால் குளிர்ந்த இரும்பிலே ஈரம் படியுமாம். மான் ஏதும் காணவில்லையா என்று கேட்டேன்.

"கண்டேன்" என்றான் சிறுவன். "எழுபது யார் இருக்கும். பக்கவாட்டில் நின்றது. ஆனால் நான் பழகியது ஐம்பது யார் வரைதான். அது கிட்ட வருமென்று காத்திருந்தேன். வராமல் போய்விட்டது."

பாட்டனார் அவன் தோளிலே கையை வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் அன்று முழுவதும் மகிழ்ச்சியாயிருந்ததை நான் கவனித்தேன்.

நான் நாடு திரும்பிய பின்னர் மருமகன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பருவம் முடிவதற்குச் சில நாட்கள் முன்னர், நாற்பது யார் தூரத்தில், ஒரே வெடியிலே அச்சிறுவனுக்கு மான் கிடைத்தது. அது நின்ற இடத்திலேயே விழுந்தது என்று எழுதியிருந்தான். மகிழ்ந்தேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலடைந்தேன் என்று எழுதலாம்.

எங்கள் நாட்டிலே மான் வேட்டை சட்டத்தினாலே தடைசெய்யப்பட்டது. உரிமம் இன்றித் துவக்கு வைத்திருப்பதும் குற்றமே. ஆகவே இக்கட்டுரையை வேட்டைக்கு வழிகாட்டியாக எவரும் கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் கையிலும் அரங்கள் பல உண்டு. பரீட்சையிலே புள்ளி குறைந்தால் வினாத்தாளைக் குறை சொல்கிறோம். தையல் கோணினால் இயந்திரத்தைத் திருகுகிறோம். பிள்ளை சொற்கேளாவிட்டால் பள்ளிக்கூடத்தை மாற்றுகிறோம். அடுத்த முறை எதையேனும் தேய்க்கப் புறப்படும்போது, மருந்தில்லாத துவக்கை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தாழ்வது குழலா, கையா என்று தெரிந்துவிடும்.